பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாஸ்க் கட்டாயம் ஆக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் ஏழெட்டுப் பேர் சளி, காய்ச்சல் என்று வருவதில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் மாஸ்க் கட்டாயம் என்று தீர்மானம் போடலாம் என்கிறார்கள் சிலர். மாஸ்க் போட்டால் பிள்ளைக்கு மூச்சுக்காற்று போதாது என்று சண்டைக்கு வருகிறார்கள் வேறு சிலர். அடுத்த வாரம் கூட்டம். எது சரி?

பதில்: கட்டாயம் என்ற தீர்மானம் வேண்டாம். மாஸ்க்கே வேண்டாம் என்பதும் தப்பு. யாருக்கு, எந்த நாளில் என்று தெரிந்து போட்டால் மாஸ்க் நன்றாக உதவும். ஆனால் நீங்கள் சொல்கிற நிலைமையில் அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. காய்ச்சல் உள்ள பிள்ளை வீட்டில் இருக்க முடிய வேண்டும். வகுப்பறைக்குள் வெளிக்காற்று வர வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு மாஸ்க்கை மட்டும் பிடித்துக்கொண்டால், பத்து நாளில் எல்லாம் தாடைக்கு இறங்கிவிடும். காய்ச்சல் அப்படியேதான் இருக்கும். நான் ஒரு தாலுகா ஊரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். பள்ளிகளுக்குப் பரிசோதனைக்குப் போய்ப் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த மூச்சுக்காற்றுச் சண்டையை முடித்துவிடுவோம். ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மாஸ்க் துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் தாராளமாகப் போய்வரும். மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் நின்று அறுவை சிகிச்சை செய்கிறவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துபோவதில்லை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆனால் "மூச்சு முட்டுதும்மா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைப் பொய் என்று தள்ளாதீர்கள். நம் ஊர் வெக்கையில் வியர்வையும் எச்சிலும் பட்டு மாஸ்க் நனைந்துபோகும். நனைந்த துணி வழியாக இழுத்து மூச்சு விடுவது கஷ்டம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காய்ந்த வேறொரு மாஸ்க், அல்லது மரத்தடியில் அதைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காரும் நேரம். பயமுறுத்தலும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம்.

மாஸ்க் கழற்ற வேண்டிய நேரங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடும்போது, பி.டி. வகுப்பில், தூங்கும்போது, சாப்பிடும்போது வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஒருபோதும் போடக் கூடாது. மூச்சு அடைத்தால் அதுவாக இழுத்துக் கழற்றத் தெரியாது.

சரி, மாஸ்க் உண்மையில் என்ன செய்கிறது? இருமுகிறவர், பேசுகிறவர் வாயிலிருந்து கிளம்பும் எச்சில் துளிகளில் பெரியவற்றை நன்றாகவும், நுண்ணியவற்றை ஓரளவும் கிளம்பிய இடத்திலேயே பிடித்துவைக்கிறது. எதிரில் இருப்பவரும் போட்டிருந்தால் அவர் இழுக்கும் காற்றையும் கொஞ்சம் வடிகட்டுகிறது. முதல் வேலையில் சாதாரண மாஸ்க்கும் கெட்டிக்காரன். இரண்டாவது வேலைக்கு மாஸ்க்கின் தரமும், முகத்தோடு அது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். சேலைத் துணியில் தைத்த ஒற்றை அடுக்கு மாஸ்க் கொஞ்சம்தான் உதவும். சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கில் மின்னேற்றம் உள்ள நுண்ணிழைகள் இருக்கின்றன. தூசியும் துளியும் அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டுத் துவைத்தால் அந்த ஏற்றம் போய்விடும், அப்புறம் அது வெறும் காகிதம் மாதிரிதான். துவைத்துக் கொடியில் காயப்போட்ட சர்ஜிக்கல் மாஸ்க்கை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அம்மாக்கள் பாவம், சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். என்95 என்பது வடிகட்டக் கடினமான அளவு, அதாவது 0.3 மைக்ரான் அளவு துகள்களில் 95 சதவீதத்தையாவது பிடிப்பது. ஆனால் அது பெரியவர்களின் முகத்துக்கு அளவெடுத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தில் கன்னத்துக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நிற்கும்.

இனி வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு இறைவணக்கத்தில் எல்லார் மூக்கும் மூடியிருக்கும். முதல் பாடவேளை முடிவதற்குள் பாதிப் பேருக்கு மூக்கு வெளியே வந்துவிடும். ஒருத்தி மாஸ்க்கின் ஓரத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருப்பாள். ஒருவனுடையது பெஞ்சுக்கு அடியில் விழும், தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வான். பக்கத்துப் பையனுடைய மாஸ்க்கில் பொம்மைப் படம் இருந்தால் இரண்டு பேரும் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இதை நான் நேரில் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு. சண்டை எதுவும் இல்லை, ரொம்பப் பாசமாக மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் மதியம் பன்னிரண்டரைக்கு எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, தாழ்வாரத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு சத்துணவு சாப்பிடுவார்கள். தீர்மானத்தில் "கட்டாயம்" என்று எழுதுவது வேறு, இந்த நிஜம் வேறு. பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. ஆறு வயதில் அப்படித்தான் இருப்பார்கள்.

ஆய்வுகளும் இந்த நிஜத்துக்கு ஏற்றபடிதான் பேசுகின்றன. மாஸ்க் பயன்படாது என்று அவை சொல்லவில்லை, பெரிய மந்திரம் என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022 பிப்ரவரி கடைசியில் பள்ளி மாஸ்க் விதியை எடுத்தபோது, பாஸ்டன் வட்டாரத்தின் 72 பள்ளி மாவட்டங்களில் இரண்டு மட்டும் விதியை விடாமல் வைத்திருந்தன. அடுத்த 15 வாரங்களைப் பார்த்தபோது, விதியை எடுத்த இடங்களில் ஆயிரம் பேருக்குச் சுமார் 45 கோவிட் தொற்றுகள் அதிகமாக இருந்தன. இதைக் கேட்டால் மாஸ்க் கட்சி ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பெயினில் காட்டலோனியாவில் 2021 கல்வியாண்டின் முதல் பருவத்தில் ஆறு வயதிலிருந்துதான் மாஸ்க் என்று விதி. மாஸ்க் போடாத ஐந்து வயது வகுப்பையும், போட்ட ஆறு வயது வகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டுமே வெறும் கவனிப்பு ஆய்வுகள். மாஸ்க்கைத் தவிர வேறு வித்தியாசங்களும் கலந்திருக்கும். எந்த ஊருக்கு மாஸ்க் என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து நடத்திய பெரிய சோதனை பங்களாதேஷில் நடந்தது. சுமார் 600 கிராமங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். மாஸ்க் இலவசமாகக் கொடுத்து, ஆள் வைத்து நினைவூட்டியதில் ஒழுங்காகப் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். அறிகுறியோடு வந்த, ரத்தப் பரிசோதனையில் உறுதியான கோவிட் 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பாதிக்கும் குறைவானவர்கள் போட்டே இந்த அளவு பலன் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவர்கள் பெரியவர்கள், அது கோவிட். உங்கள் பள்ளியில் ஓடுவது பெரும்பாலும் சாதாரண சளியும் ஃப்ளூவும்.

எனக்கு ரொம்ப உதவிய ஆய்வு வேறொன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 நவம்பர், டிசம்பரில் 169 தொடக்கப் பள்ளிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களும் கட்டாயம் மாஸ்க் போட்ட பள்ளிகளில் கோவிட் தொற்று 37 சதவீதம் குறைவு. காற்றோட்டத்தைச் சரிசெய்த பள்ளிகளில் 39 சதவீதம் குறைவு. பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயம் என்பதற்கு அதில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. வகுப்பில் நாள் முழுக்க உரக்கப் பேசுகிறவர் யார்? ஆசிரியர்தான். சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போது துளிகள் பல மடங்கு அதிகம், குரலை உயர்த்த உயர்த்த இன்னும் அதிகம்.

கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டத்தில் 2021 மே மாதம் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் புரியும். தடுப்பூசி போடாத ஒரு ஆசிரியருக்கு மூக்கடைப்பும் அசதியும். அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்கு வந்தார். பாடத்தை வாசித்துக் காட்டும்போது மட்டும் மாஸ்க்கைக் கழற்றினார். பிள்ளைகள் 24 பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், ஒரு பக்க ஜன்னல்கள் திறந்திருந்தன. அப்படியும் 12 பிள்ளைகளுக்குக் கோவிட் தொற்றியது. முன்னால் இருந்த இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேருக்கு, பின்னால் இருந்த மூன்று வரிசையில் 14 பேரில் 4 பேருக்கு. அந்த ஆசிரியர் அந்த இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தாலே போதும். வந்தாலும் மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. எல்லா வகுப்புக்கும் தீர்மானம் போடுவதைவிட, சளி பிடித்த ஒரு ஆசிரியர் அன்றைக்கு என்ன செய்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

அதனால் மாஸ்க் பற்றி நான் சொல்வது இது. ஐந்து வயது வரைக்கும் வேண்டாம். ஆறிலிருந்து பதினொன்று வரை பிள்ளையால் ஒழுங்காகப் போட முடியுமா என்று பார்த்து, பெரியவர் மேற்பார்வையில். பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலவே. இது என் சொந்தக் கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னதும், நம் மத்திய சுகாதாரத் துறை 2021-ல் சொன்னதும் இதையேதான். இதற்குள், இருமல் தும்மலோடு வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அன்றைக்கு மாஸ்க். ஜலதோஷம் உள்ள ஆசிரியர், சத்துணவு சமையலர் எல்லாருக்கும் மாஸ்க். இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் சிகிச்சை என்று தொற்று வந்தால் ஆபத்து அதிகமான பிள்ளை யாராவது இருந்தால், அவன் போடுவதோடு அவனைச் சுற்றி உட்காருகிறவர்களும் காய்ச்சல் பருவத்தில் போட்டால் நல்லது. இதை வகுப்பில் அவன் பெயரைச் சொல்லிச் செய்யாமல், அந்த வகுப்பின் பழக்கமாகச் செய்ய ஒரு நல்ல ஆசிரியருக்குத் தெரியும். காது சரியாகக் கேட்காத பிள்ளை உள்ள வகுப்பில் ஆசிரியரின் உதடு தெரிய வேண்டும். அங்கே ஆசிரியர் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் ஓரமாக நின்று மாஸ்க் இல்லாமல் பேசட்டும். ஒன்றாம் வகுப்பில் ழ, ள, ல சொல்லிக் கொடுக்கும்போதும் அப்படித்தான். நாக்கு எங்கே மடங்குகிறது என்று தெரியாமல் எந்தக் குழந்தை ழ கற்கும்? தலைமையாசிரியர் அறையில் ஒரு பெட்டி சர்ஜிக்கல் மாஸ்க் இருந்தால் போதும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

இப்போது காற்றுக்கு வருகிறேன். நான் அதிகம் பேச ஆசைப்படுவது இதைத்தான்.

1974-ல் நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் நகரை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு சிறுமிக்குத் தட்டம்மை. அவளிடமிருந்து அடுத்த சுற்றில் 28 பிள்ளைகளுக்கு வந்தது. அந்த 28 பேரும் 14 வெவ்வேறு வகுப்பறைகளில் படித்தவர்கள். பெரும்பாலானவர்கள் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. புதிதாகக் கட்டிய, நல்ல வசதியுள்ள பள்ளி அது. அந்தக் கட்டடத்தின் காற்றுக் குழாய்கள் உள்காற்றையே திரும்பத் திரும்ப எல்லா அறைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. நம் திண்ணைப் பள்ளியிலும் வேப்ப மரத்தடி வகுப்பிலும் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. ஜெர்மனியில் பெர்லினை அடுத்த சார்லாட்டன்பர்க்கில் 1904-ல் நோஞ்சான் பிள்ளைகளுக்கென்று காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி ஆரம்பித்தார்கள், அப்புறம் அது பல நாடுகளுக்குப் போனது. அவர்கள் தேடிப் போனதை நாம் கட்டடம் கட்டி மூடிக்கொண்டிருக்கிறோம்.

நாம் வெளியே விடும் மூச்சில் கிட்டத்தட்ட 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது பத்து லட்சத்தில் நாற்பதாயிரம் பங்கு. வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பங்குதான். மூடிய வகுப்பறையில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி, அதாவது அளவி, 2,000 பங்கு காட்டினால், அந்த அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு 25 மூச்சிலும் ஒரு மூச்சு முழுக்க இன்னொருவர் விட்டதுதான். மற்றவர் எச்சில் பட்ட டம்ளரில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அண்ணாந்து குடிக்கக் கற்றுக் கொடுத்த ஊர் நம்முடையது. காற்றுக்கும் அந்தக் கூச்சம் வேண்டும். 800-க்குக் கீழ் இருந்தால் நல்லது, 1,000 தாண்டினால் ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

அளவி வாங்கப் பணம் இல்லையே என்றால், ஊதுபத்தி போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, வீசிங் உள்ளவர்கள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். நான் ஒரு பள்ளியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு அறை. மழைச் சாரல் அடிக்கிறது என்று தெருப்பக்கத்து மரக் கதவுகளை மூடிக் கொக்கி போட்டிருந்தார்கள். தாழ்வாரத்துப் பக்கம் இருந்த இரண்டு ஜன்னல்களுக்கு முன்னால் பீரோ. அறைக்கு நடுவில் பெஞ்சில் ஊதுபத்தியைச் செருகி வைத்தோம். ஃபேன் நிறுத்தியிருந்தது. புகை நூல் மாதிரி நேராக மேலே போய், ஒட்டடைக்குக் கீழே பரவி, அங்கேயே நின்றது. ஃபேனைப் போட்டோம். புகை அறை முழுக்கக் கலந்தது, ஆனால் வெளியே போகவில்லை. எல்லா மூலையிலும் வாசனை. அப்புறம் பீரோவை நகர்த்தித் தாழ்வாரத்து ஜன்னலைத் திறந்து, எதிரே தெருப்பக்கத்துக் கதவில் ஒன்றை மட்டும் கால்வாசி திறந்தோம். புகை படுத்துக்கொண்டது. நூல் சாய்ந்து, பெஞ்சு மட்டத்திலேயே ஓடித் தாழ்வாரத்துக்குள் போய்விட்டது. கூட இருந்த கணக்கு வாத்தியார் ஒன்றும் பேசாமல் போய் மீதிக் கொக்கிகளையும் எடுத்துவிட்டார்.

சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படித்தான், உள்ளே இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. ஏசி வகுப்பு என்று பெருமையாகக் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரும் இதைக் கேட்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு திறப்பு, அதுதான் வேண்டியது. ஒரே பக்கம்தான் ஜன்னல் என்றால் எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். சாரல் அடித்தால் ஜன்னலுக்கு மேலே ஒரு தகரச் சாய்ப்பு. கொசு என்றால் வலை. குரங்கு வந்து டிபன் பாக்ஸைத் தூக்குகிறது என்றால் கம்பிவலை. ஜன்னலை மூடுவதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நல்ல காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கேட்டு அதைத் தீர்த்தால்தான் ஜன்னல் திறந்திருக்கும். "திறந்து வையுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் ஒரு நாள் திறக்கும். உங்கள் குழுவின் பணம் மாஸ்க்குக்குப் போவதைவிடத் தகரத்துக்கும் கம்பிவலைக்கும் போனால் அதிக வருஷம் நிற்கும்.

அடுத்தது காய்ச்சலோடு வரும் பிள்ளை. தினமும் காலையில் என் கிளினிக்கில் கேட்கிற கேள்வி, "டாக்டர், காலைல ஒரு டோஸ் சிரப் குடுத்து அனுப்பிடட்டுமா?" பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. பதினோரு மணி வரை பிள்ளை தெம்பாக இருந்து எல்லாரோடும் விளையாடும். மதியம் மருந்து இறங்கியதும் பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்கும். ஃப்ளூவில் அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரவும், முதல் மூன்று நான்கு நாள் ரொம்ப அதிகம். சரியாக அந்த நாட்களில்தான் சிரப் கொடுத்து அனுப்புகிறோம்.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாள் பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அவளுக்கு அன்றைய கூலி போச்சு. பிள்ளைக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான், வீட்டில் உலை வைக்க யாரும் இல்லை. மாதத் தேர்வு வேறு. இதற்கெல்லாம் மேல், வருஷக் கடைசியில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் சான்றிதழும் டம்ளரும் கொடுக்கிறோம். 102 டிகிரியோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்குப் பரிசு, வீட்டில் படுத்து மற்றவர்களைக் காப்பாற்றிய பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பள்ளியில் இந்தப் பரிசு இருந்தால் இந்த வருஷமே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. காய்ச்சலால் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு மறுதேர்வு உண்டு என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாயாலேயே சொல்லட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் மதியச் சாப்பாட்டைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று சத்துணவு அமைப்பாளரிடம் பேசிப் பாருங்கள். ஆசிரியருக்கும் இதேதான். சளி என்று விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளியில், மரினில் நடந்ததே நடக்கும்.

எத்தனை நாள் வீட்டில் என்று கேட்பீர்கள். காய்ச்சலுக்கு, மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் வரலாம். மிச்ச இருமலுக்கு மாஸ்க் போதும், இருமல் முழுக்க நிற்கட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை பாதி வருஷம் வீட்டில் இருக்கும். வயிற்றுப்போக்கு, வாந்திக்கு நின்றபின் இரண்டு நாள். சின்னம்மைக்குக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை. தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பித்ததிலிருந்து ஐந்து நாள். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராமல் பார்த்து, தலைக்கு மூன்று தண்ணீர் விட்ட பிறகே பிள்ளையை வெளியே அனுப்பிய நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்குக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தார்கள். மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று மட்டும் நான் சொல்வேன், அந்தத் தனிமையை விட்டுவிடாதீர்கள்.

மாஸ்க்கால் ஒன்றும் ஆகாத நோய்களும் உங்கள் பட்டியலில் இருக்கும். மெட்ராஸ் ஐ கையாலும் துண்டாலும் பரவுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம் வருகிற, தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் எடுத்த கை கால் வாய் நோயும் பெரும்பாலும் கை, பொம்மை, எச்சில் வழிதான். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தண்ணீரில் வரும். டெங்குவுக்குப் பள்ளிக் கழிவறைப் பின்னால் கிடக்கும் உடைந்த பக்கெட்டும், மாடியில் மூடாத தொட்டியும் காரணம். அந்தக் கொசு பகலில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போதே கடிக்கும். வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க இரண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுத்தால் பெருமையாகச் செய்வார்கள்.

கை கழுவுவதில் பிரச்சினை அறிவு இல்லை, குழாய். பிள்ளைகளுக்கு ஆறு விதமாகக் கை தேய்க்கத் தெரியும், பாட்டே பாடுவார்கள். இருநூறு பேருக்கு இரண்டு குழாய், சாப்பாட்டு மணி அடித்துப் பத்து நிமிடம். யார் இருபது விநாடி தேய்ப்பார்கள்? ஒரு பிவிசி பைப்பை இடுப்பு உயரத்தில் கிடையாகப் பொருத்தி எட்டுப் பத்துக் குழாய் வைக்கலாம். ஊர் பிளம்பர் ஒரே நாளில் முடிப்பார். சோப்பு காணாமல் போகிறது என்றால் பழைய சாக்ஸுக்குள் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள், நனைத்துத் தேய்த்தால் நுரை வரும். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் சரி. சானிடைசரை நம்பி இருக்க வேண்டாம். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு அது அவ்வளவு பலன் தராது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

தடுப்பூசியை இங்கே விட்டுவிட முடியாது. தட்டம்மையை மாஸ்க்கும் ஜன்னலும் முழுக்க நிறுத்தாது, ஊசிதான் நிறுத்தும். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இரண்டும் ஒன்றாம் வகுப்பில் சேரும் எல்லாருக்கும் போட்டாயிற்றா என்று கிராம சுகாதாரச் செவிலியரோடு உட்கார்ந்து அட்டையைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அந்த ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி எத்தனை பெற்றோர் அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாமல் வைத்தார்கள்! அப்படி விட்டுப்போன குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அதட்டாமல் பேசுங்கள். பத்து வயதிலும் பதினாறிலும் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, அதனால் அது வரும் வருஷங்களில் நாள் கணக்கைக் கறாராகப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் யாராவது, பத்து நாள் பள்ளிக்கு லீவு விட்டுவிடலாமே என்பார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சல் ஓடியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16 முதல் 26-ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். எப்போதாவது அப்படிச் செய்ய வேண்டி வரலாம். ஆனால் நம் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1 வரை பள்ளியைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு அ எழுத வராமல் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்கள். ஏழெட்டுப் பேருக்குச் சளி என்பதற்காகப் பூட்ட வேண்டாம். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றாலோ, ஒரு பிள்ளைக்காவது தட்டம்மை, டெங்கு என்றாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்வார்கள்.

கூட்டத்தை அரை மணி நேரம் முன்னாடியே, பள்ளி விட்ட பிறகு கூப்பிடுங்கள். மாஸ்க் கட்டாயம் என்கிறவர்களையும் வேண்டாம் என்கிறவர்களையும் சேர்த்து, காய்ச்சல் விடுப்பு அதிகமாக உள்ள வகுப்பறைக்குக் கூட்டிப் போங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். ஒரு ஊதுபத்தியும் தீப்பெட்டியும் எடுத்துப் போங்கள். முதலில் கதவும் ஜன்னலும் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக் கொளுத்துங்கள். புகை எங்கே போய் நிற்கிறது என்று எல்லாரும் பார்த்த பிறகு பேச்சை ஆரம்பியுங்கள்.